ஆண்டுதோறும் சாகும் அபிமன்யு

சூப்பர்ஹீரோ படங்களை மறுபடி மறுபடி முதலிலிருந்து எடுப்பதால் ரசிகன் சலித்துவிட்டான் என்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக் கூத்துக் களரியும் மாமல்லபுரத்துப் பாறையும் வேறொரு காரணத்தைக் காட்டுகின்றன.

இரவு பத்து மணிக்குத் தொடங்கிய கூத்து, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் களரியை விட்டுத் திடலுக்கு நகர்கிறது. நடுவில் நட்டுவைத்த நெடிய தபசு மரம். ஏறுவதற்கு வாகாகக் குறுக்கே அறைந்த கட்டைகள், உச்சியில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குப் பரண். தவக்கோலம் பூண்ட அர்ச்சுனன் முதல் கட்டையில் கால் வைத்து ஒரு பாட்டுப் பாடுகிறான். பாட்டு முடிந்தால்தான் அடுத்த கட்டை. கீழே முகவீணை விடாமல் இழைகிறது. விடிய விடிய அடித்த கை சோர்ந்தும் மிருதங்கம் நிற்கவில்லை. பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றிப் படுத்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் விபூதியும் விழும்போது பிடிப்பதற்காக முந்தானைகள் விரிகின்றன. சிவன் பாசுபதம் கொடுக்கத்தான் போகிறார் என்பது மடியில் தூங்கி எழுந்த குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை.

மதுராந்தகம், செய்யூர் பக்கத்து ஊர்களிலும் அதையொட்டிய வடதமிழகத்திலும் கோடை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது காணக் கிடைக்கும் காட்சி இது. அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் மாமல்லபுரம். அதே தவத்தை 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் அங்கே பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் வடக்கே ஏறினால் கானத்தூரில் மாயாஜால் மல்டிப்ளெக்ஸ். அதன் திரைகளில் கோடைதோறும் ஏதாவது ஓர் அமெரிக்க சூப்பர்ஹீரோ தன் கதையை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். ஒரே மாவட்டத்துக்குள் மண்ணிலும் கல்லிலும் திரையிலும் தெரிந்த கதையே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. மண்ணில் நடப்பதைப் பார்ப்பவர்கள் சலிக்கவில்லை. திரையில் பார்ப்பவர்கள் மட்டும் ஏன் சலிக்கிறார்கள்?

மறுபடியும் முதல்ல இருந்தா?

2025 ஜூலையில் இரண்டு வார இடைவெளியில், தெரிந்த கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் இரண்டு ரீபூட்டுகள் வந்தன. ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' ஒன்று. மார்வெலின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' மற்றது. பெரிய திரையில் 1978இல் கிறிஸ்டோஃபர் ரீவ், 2006இல் பிராண்டன் ரூத், 2013இல் ஹென்றி கேவில் என்று கைமாறி வந்த சிவப்பு மேலங்கி இப்போது டேவிட் கோரன்ஸ்வெட் தோளில். ஸ்பைடர்மேன் 2002க்கும் 2017க்கும் இடையில் டோபி மெக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், டாம் ஹாலண்ட் என மூன்று முகங்களைக் கண்டுவிட்டான். நம் ஊரிலும் இது நடக்காமல் இல்லை. 1978இன் இந்தி 'டான்' 1980இல் ரஜினியின் 'பில்லா' ஆனது. அதுவே 2007இல் அஜித்தின் 'பில்லா'. 1986இல் வந்த ஏஜெண்ட் விக்ரமை 2022இல் லோகேஷ் கனகராஜ் எழுப்பிக் கொண்டுவந்தார். தியேட்டர் வாசலில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: எத்தனை தடவைதான் இதையே பார்ப்பது?

இந்தச் சலிப்பு உண்மையானது. அதை ஏளனம் செய்வதற்கில்லை. காசும் நேரமும் கொடுத்துப் பல வருடம் ஒரு பாத்திரத்தோடு வாழ்ந்தவர்களின் சலிப்பு அது. ஆனால் பழியைத் திரும்பச் சொல்லுதலின் மேல் போடுவது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ரசிகனைக் களைப்படையச் செய்வது முடிய மறுக்கும் கதை. நன்றாக முடிந்த கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் தொடங்கலாம். முடிக்காமல் இழுக்கப்படும் கதையை ஒரு முறை பார்ப்பதே பாரமாகிவிடுகிறது.

பாறையில் பல பதிப்புகள்

மாமல்லபுரத்தின் பெரும் புடைப்புச் சிற்பத்தின் முன் நின்று இது யார் கதை என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். விலா எலும்பு துருத்த ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பவன் பாசுபதம் கேட்கும் அர்ச்சுனன் என்பது ஒரு தரப்பு. நடுப் பிளவில் நாகர்கள் மேலெழும்ப ஆறு இறங்குகிறது, ஆகவே அவன் கங்கையை வரவழைக்கும் பகீரதன் என்பது மறுதரப்பு. சுமார் 30 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாறையில் பெரிய யானையின் தந்தத்தின் அருகே சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. அதன் முன்னே எலிகள். மூலக் கதையும் அதைக் கிண்டல் செய்யும் பதிப்பும் ஒரே கல்லில், ஒரே காலத்தில். இதே தபசுக் காட்சியை முற்றுப்பெறாத நிலையில் இன்னொரு பாறையிலும் அதே ஊரில் காணலாம். முதல் முயற்சியோ மறு முயற்சியோ, ஒரு முறை சொன்னால் போதும் என்று பல்லவச் சிற்பிகள் நினைக்கவில்லை.

துர்க்கையை எடுத்துக்கொள்வோம். திரிமூர்த்தி குகையின் பக்கத்து மாடத்தில் அவள் எருமைத் தலையின் மேல் அமைதியாக நிற்கிறாள், போர் முடிந்துவிட்டது. கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மகிஷாசுரமர்த்தினி மண்டபத்திலோ போர் நடந்துகொண்டிருக்கிறது. சிங்கத்தின் மேல் அமர்ந்து நாணை இழுத்தபடி அவள் முன்னேற, எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட அசுரன் கதாயுதத்தோடு பின்வாங்கிச் சாய்கிறான். இன்னும் தோற்கவில்லை, தோற்கப் போகிறான் என்பது அவன் உடலின் சாய்விலேயே தெரிகிறது. ஒரே நாயகி, ஒரே வில்லன், நடந்து போகும் தூரத்தில் இரண்டு பதிப்புகள். இரண்டாவது, முதலாவதைச் செல்லாததாக்கவில்லை. முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால்தான் சிற்பியால் முடிவுக்கு முந்தைய கணத்தில் உளியை நிறுத்த முடிந்தது.

பெட்டிச் செய்தி: மக்கள் வைத்த பெயர்

தருமராச ரதம், பீம ரதம், அர்ச்சுன ரதம், நகுல சகாதேவ ரதம், திரௌபதி ரதம் என்று நாம் சொல்லும் ஐந்து ஒற்றைக்கல் கோயில்களுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பு கிடையாது. திரௌபதி ரதத்தின் உள்ளே இருப்பவள் துர்க்கை. பெயர்கள் பின்னாளில் மக்கள் வழக்கில் வந்தவை. இன்று அறிவிப்புப் பலகைகளிலும் அவைதான். சரிவில் நிற்கும் பாறை கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து ஆனதும் அதே வழியில். மாமல்லபுரத்து நினைவுச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இந்தப் பெயர் சூட்டலை ரசிகர்களின் வேலை என்றே சொல்ல வேண்டும். மன்னன் கட்டியதைத் தங்களுக்குப் பிடித்த கதையோடு இணைத்து, ஊரையே ஒரு பாரத உலகமாக மாற்றியவர்கள் அவர்கள். இன்றைக்கு ஒரு படத்தின் மூலையில் தெரியும் செய்தித்தாளைப் பார்த்து அடுத்த படத்தோடு முடிச்சுப் போடும் இளைஞர்கள் செய்வதும் அதே காரியம்தான்.

வில்லிபுத்தூரார் நிறுத்திய இடம்

வியாச பாரதம் பதினெட்டுப் பருவம். வில்லிபுத்தூரார் தமிழில் பாடியது பத்துப் பருவம். போர் முடிந்ததும் அவர் நிறுத்திவிட்டார். போருக்குப் பிந்தைய நீண்ட உபதேசங்கள், யாதவர் அழிவு, பாண்டவர் மேலுலகம் போவது எதையும் தொடவில்லை. பிற்காலத்தில் தொண்டை மண்டலத்து நல்லாப்பிள்ளை விடுபட்டவற்றையும் சேர்த்து நிரப்பினார் என்பது வேறு விஷயம். கூத்துக்கும் பாரதப் பிரசங்கத்துக்கும் அடித்தளமாக நின்றது வில்லியின் நூல். எங்கே முடிப்பது என்று அவர் எடுத்த முடிவு, இன்றும் செய்யூர்ப் பக்கத்துத் திடலில் தெரிகிறது.

பதினெட்டாம் போர் அன்று படுகளம். திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். பல ஆள் நீளம், பெரிய கண்கள், முறுக்கிய மீசை. வேடம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றியும் அதன் மேலேறியும் ஓடிச் சண்டை போடுகிறார்கள். தொடையில் அடி விழுகிறது. பல நாட்களாக அவிழ்ந்து கிடந்த கூந்தலைத் திரௌபதி முடிக்கிறாள். சுற்றி நின்றவர்கள் அந்த உருவத்தின் மண்ணை அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். மாலையில் தீமிதி, பிறகு தருமர் பட்டாபிஷேகம், கொடியிறக்கம். கதை முடிந்தது. கிரீடங்களும் புஜக்கட்டைகளும் பெட்டிக்குள் போய் அடுத்த ஊருக்கு வண்டி ஏறுகின்றன. அங்கே திரௌபதிக்கு மறுபடி கல்யாணம்.

இப்படி முடிவதால்தான் அபிமன்யுவின் சாவுக்கு எடை வருகிறது. பத்ம வியூகத்துக்குள் போகத் தெரிந்து வரத் தெரியாத அந்தப் பையன் சாகப் போகிறான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். வேடக்காரர் விடைபெறும் பாட்டை எடுக்கும்போது வயதான பெண்கள் வாய்விட்டு அழுகிறார்கள். போன ஆண்டும் இதே இரவில் அழுதவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு அவன் உயிரோடு வருவான் என்பது அந்த அழுகையைப் பொய்யாக்கவில்லை. இந்தப் பாரதத்துக்குள் அவன் திரும்பி வரமாட்டான்; அது போதும்.

எலும்பைத் தோண்டிய பிறகு

சினிமாவுக்கு வருவோம். 2017இல் வந்த 'லோகன்' படத்தில் வுல்வரின் செத்தான். பதினேழு ஆண்டுகள் அந்த வேடத்தில் இருந்த ஹியூ ஜாக்மன் விடைபெற்றார் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். 2024இல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' அந்தக் கல்லறையைத் தோண்டி, எலும்புகளை ஆயுதமாக்கிச் சண்டை போடும் காட்சியோடுதான் தொடங்குகிறது. 2019 'எண்ட்கேம்' படத்தில் டோனி ஸ்டார்க் உயிரைக் கொடுத்தான்; சுமார் 280 கோடி டாலர் வசூலித்த அந்தப் படம் ஒரு தலைமுறையின் படுகளம். ஐந்தே ஆண்டில், 2024 ஜூலையில், ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் டாக்டர் டூம் என்ற வேறு பாத்திரமாகத் திரும்புகிறார் என்று மேடையில் முகமூடியைக் கழற்றி அறிவித்தார்கள். 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' 2026 டிசம்பருக்கு என்று தேதியும் குறித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததே, ரசிகனுக்குப் பிடிக்காமலா? பிடித்துத்தான் இருந்தது. அந்தப் படத்தின் துள்ளலையும் நட்பையும் மறுப்பதற்கில்லை. ஆனால் வசூல், பார்க்க வந்த ஆவலைக் கணக்கிடும். அடுத்த முறை ஒரு நாயகன் சாகும்போது ரசிகன் நம்புவானா என்பதைக் கணக்கிடாது. அந்த நம்பிக்கைதான் இந்த வகைப் படங்களின் முதல். முதலை எடுத்துச் செலவு செய்தால் அந்த ஆண்டுக் கணக்கு செழிப்பாகத்தான் தெரியும்.

இன்னொரு மறுப்பு அறிவுபூர்வமானது. சூப்பர்ஹீரோ கதைகள் பிறந்தது காமிக்ஸில். காமிக்ஸின் இயல்பே முடிவில்லாமை. 1962இல் உம்பெர்த்தோ எக்கோ சூப்பர்மேனைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை நுட்பமாகக் காட்டினார். புராண நாயகனின் கதை ஏற்கெனவே நடந்து முடிந்தது. சூப்பர்மேன் கதையோ வாரந்தோறும் புதிதாக நடந்தாக வேண்டும். ஒவ்வொரு செயலும் அவனைச் சாவுக்கு ஒரு அடி நெருக்கிவிடும் என்பதால், காலமே ஓடாத ஒரு மயக்க நிலையில் அவனை வைத்திருக்கிறார்கள் என்றார். காகிதத்தில் அது செல்லும். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவிக்கு இன்றுவரை ஒரு முடி நரைக்கவில்லை. திரையில் நிற்பது ஒரு மனித உடம்பு. அதற்கு வயதாகிறது, முழங்கால் வலிக்கிறது, ஒப்பந்தம் முடிகிறது. காமிக்ஸின் முடிவில்லாமையைச் சதையும் எலும்புமான நடிகரின் மேல் ஏற்றினால் இரண்டில் ஒன்றுதான் வழி: நடிகரை விடாமல் பிடித்துவைப்பது, அல்லது கதையை முடித்துப் புதியவரோடு தொடங்குவது. இரண்டாவதே நேர்மையானது. ரீபூட்டை ரசிகன் எதிரியாகப் பார்க்கத் தேவையில்லை என்பதற்கு இதுவே தலையாய காரணம்.

பெட்டிச் செய்தி: ஒரு கர்ணன், மூன்று படங்கள்

1964: பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்'. சிவாஜி கணேசன். டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் வெளியாகி நூறு நாள் தாண்டி ஓடியது.

1991: மணிரத்னத்தின் 'தளபதி'. கர்ணன் சூர்யாவாகவும் துரியோதனன் தேவாவாகவும் மாறினார்கள்.

2021: மாரி செல்வராஜின் 'கர்ணன்'. தனுஷ். ஊர்ப் பெரியவர் பெயர் துரியோதனன். ஊரை அடித்து நொறுக்கும் காவல் அதிகாரி பெயர் கண்ணபிரான்.

மூன்றாவது படத்தின் துணிச்சலைக் கவனிக்க வேண்டும். பாரதத்தில் யார் பக்கம் தருமம் என்று நாம் கேட்டு வளர்ந்தோமோ, அதையே திருப்பிப் போடுகிறது. சிவாஜியின் கர்ணனை அது அழித்துவிட்டதா? இன்றும் தொலைக்காட்சியில் 1964 படம் வந்தால் வீட்டில் ரிமோட் நகர்வதில்லை. ஒவ்வொரு படமும் தன் கர்ணனின் கதையைத் தன் எல்லைக்குள்ளேயே முடித்துக்கொண்டது. ஒன்றைப் பார்க்க இன்னொன்றைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. நல்ல ரீபூட்டின் இலக்கணம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் இல்லை.

திரைக்குப் பின்னால் சலங்கை

ரசிகனின் இரண்டாவது குறை, வீட்டுப்பாடம். ஒரு படத்துக்குப் போகுமுன் மூன்று படமும் இரண்டு தொடரும் பார்த்திருக்க வேண்டியிருக்கிறது. 2022இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் பாகத்தில் வாண்டா ஏன் பிள்ளைகளுக்காக இப்படி வெறிகொள்கிறாள் என்பது 'வாண்டாவிஷன்' தொடரைப் பார்க்காதவருக்குப் புரிந்திருக்காது. 2023இன் 'தி மார்வெல்ஸ்' மூன்று நாயகியரில் இருவரைத் தொடர்களிலிருந்து எடுத்துக்கொண்டது. மார்வெல் வரிசையிலேயே மிகக் குறைந்த வசூல் அதற்குத்தான். மறு ஆண்டே டிஸ்னி தலைவர் பாப் ஐகர், இனி ஆண்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று மார்வெல் படம் மட்டுமே என்று எண்ணிக்கையைக் குறைத்தார்.

கூத்து இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. இருவர் ஒரு துணித் திரையைப் பிடித்தபடி களரிக்குள் வருவார்கள். பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் முதலில் வரும். திரைக்கு மேலே கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் மின்னும், கீழே அடவு போடும் கால்கள் தெரியும், முகம் தெரியாது. உள்ளிருந்தபடியே விருத்தம் பாடி, கூட்டத்தின் ஆவல் முற்றிய நேரத்தில் திரை விலகும். உடனே கட்டியக்காரன் குறுக்கே வந்து, ஐயா தாங்கள் யாரோ, எந்தத் தேசமோ, எந்தக் காரியமாக வந்தீரோ என்று விசாரிப்பான். துரியோதன மகாராசன் தன் குலம், தம்பிமார், பகை எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் முதல் முறை வந்த ஆளும் கதைக்குள் நுழைந்துவிடுவான். ஒவ்வோர் இரவும் இந்த விசாரணை உண்டு. பத்து நாள் பார்த்தவருக்கு அது அலுப்பில்லை, அந்தத் திரை விலகலுக்காகவே வருகிறவர்கள் அதிகம். அன்றைக்கு மட்டும் வந்தவருக்கு அது வாசல். 2025இன் இரண்டு ரீபூட்டுகளும் இதைக் கற்றுக்கொண்டதுபோல் நடந்தன. ஜேம்ஸ் கன்னின் படம், பிறப்புக் கதையைச் சில வரி எழுத்தில் சொல்லிவிட்டு, சூப்பர்மேன் தோற்று விழும் கணத்தில் ஆரம்பிக்கிறது. 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வழியாக நால்வர் கதையைச் சில நிமிடத்தில் முடித்துவிடுகிறது. சூப்பர்மேனின் கிரிப்டான் வெடிப்பதையும் ஸ்பைடர்மேனின் மாமா பென் சாவதையும் இன்னொரு முறை அரை மணி நேரம் பார்க்க வேண்டாம் என்ற ரசிகனின் குரல் கேட்கப்பட்டிருக்கிறது.

உரிமை யாருக்கு?

எல்லா ரீபூட்டும் நல்லது என்று வாதிட வரவில்லை. மோசமானவற்றைப் பார்த்தால் ஒரு பொதுக் காரணம் தட்டுப்படும்: சொல்ல ஒரு கதை இருந்ததால் எடுத்ததல்ல, உரிமை கைவிட்டுப் போகாமலிருக்க எடுத்தது.

பெட்டிச் செய்தி: வெளிவராத படம்

'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் முறை படமானது 1994இல். உரிமை வைத்திருந்த நிறுவனம், கெடு தீருமுன் ஏதாவது ஒரு படம் எடுத்தாக வேண்டும் என்பதால், சிக்கனப் படங்களுக்குப் பெயர்போன தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனோடு சேர்ந்து மிகக் குறைந்த செலவில் எடுத்தது. அது முறையாக வெளியிடப்படவே இல்லை. பிறகு 2005, 2015, 2025 என மூன்று தொடக்கங்கள்.

பாரதக் கதைக்கு இப்படி ஓர் உரிமையாளர் கிடையாது. அதனால்தான் தமிழ் மண் அதில் தன் இஷ்டத்துக்குப் புதுப் பாத்திரங்களைச் சேர்த்தது. அல்லி அரசாணியும் பவளக்கொடியும் வியாசர் அறியாதவர்கள். அர்ச்சுனனுக்கு நாம் கட்டிவைத்த கிளைக்கதைகள். தியாகராஜ பாகவதர் திரைக்கு அறிமுகமான 1934ஆம் ஆண்டுப் படம் 'பவளக்கொடி' என்றால், தமிழ் சினிமா தன் பிள்ளைப் பருவத்திலேயே கிளைக்கதையில் நடை பழகியது என்று பொருள்.

கூத்து சடங்கு, சினிமா வியாபாரம், இரண்டையும் ஒப்பிடலாமா என்பார்கள். கூத்திலும் பணம் உண்டு. வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துத்தான் ஜமா என்னும் கூத்துக் குழுவைப் பேசுகிறார்கள். ஊரில் தலைக்கட்டு வரி வசூலிக்கிறார்கள். சண்டை நடுவே நிறுத்தி அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்கிறார்கள். வேடக்காரர் குடும்பத்துக்கு அந்தச் சில மாத வருமானம்தான் ஆண்டுச் சாப்பாடு. பணம் இருப்பதால் கதை கெடுவதில்லை. பணம் கொடுக்கிறவர்கள் கதை முடிய வேண்டும் என்று கேட்கிறார்கள். படுகளம் நடக்காமல் எந்த ஊரும் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுக்காது.

ஊர் என்ற சொல்லுக்குள் எல்லோரும் அடங்கிவிடுவதில்லை என்ற கசப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சாதியினர் உள்ளே வரக்கூடாது என்று எழுந்த தகராறில், 2023 ஜூனில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். கதை பொதுச் சொத்து என்று பெருமைப்படுகிறோம், அதைக் கேட்க உட்காரும் இடம் பொதுவாக இல்லை. இந்த ஒரு விஷயத்தில் டிக்கெட் வாங்கிய எவரையும் உட்காரவைக்கும் தியேட்டர், கோயில் திடலைவிட மேல். கூத்தைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் நகரக் கூடாது.

டில்லியும் லியோவும் என்ன ஆவார்கள்?

கதையை முடிக்காமல் இழுக்கும் வியாதி நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' சேனாபதியை 28 ஆண்டு கழித்து அழைத்துவந்து, மூன்று மணி நேரம் உட்காரவைத்து, மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டி வீட்டுக்கு அனுப்பியது. அதற்கு முந்தைய மாதம் வந்த 'கல்கி 2898 ஏடி' முடியும்போது கமல்ஹாசன் கையில் காண்டீபம் ஏறுகிறது. கதை அந்தரத்தில் நிற்கிறது. 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகத்தையும் ஏழு மாத இடைவெளியில் கொடுத்து, சொன்ன வாக்கைக் காப்பாற்றிய மணிரத்னத்தின் அணுகுமுறையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

லோகேஷின் உலகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2019இன் 'கைதி' ஒரே இரவில் நடந்து, விடியலில் டில்லி மகளைப் பார்க்கும் காட்சியோடு முழுமை பெற்ற படம். அதில் ரசிகனுக்குக் கடன் எதுவும் பாக்கியில்லை. 2022 'விக்ரம்' படத்தில் ரோலக்ஸ் வந்த சில நிமிடங்களுக்குத் தியேட்டர் அதிர்ந்தது நியாயமான மகிழ்ச்சி. முன்பே முடிந்த ஒரு கதையின் மேல் கட்டிய மாடி அது. 2023 'லியோ' முடியும் இடத்தில் வரும் தொலைபேசிக் குரல் வேறு வகை. ஒரு குடும்பத் தலைவன் தன் கடந்த காலத்தோடு எப்படிச் சமாதானமாவான் என்ற கேள்வியை, அடுத்த படத்துக்கான அழைப்பாக மாற்றிவிட்டது. எந்த இடத்தில் கோடு தாண்டப்படுகிறது என்பதை இந்த மூன்று படத்தையும் வரிசையாகப் பார்த்தாலே உணரலாம்.

முடிவு, துயரத்துக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. கிரீடம் தலை மாறுவதற்கும் அதுதான் வழி. ஆண்களே பெண் வேடமும் கட்டி வந்த கூத்தில், 1990இல் பி.ராஜகோபால் முதலிய கலைஞர்கள் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2020 வரை அது நடத்திய குருகுலமும் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் தலையில் துரியோதனனின் கிரீடத்தையே ஏற்றின. கதையில் ஒரு வரி மாறவில்லை, சொல்லும் உடம்பு மாறியது. அதுவே பெரிய மறுதொடக்கம். 2018இல் மைல்ஸ் மொராலஸ் என்ற கறுப்பின, லத்தீன் அமெரிக்கச் சிறுவன் ஸ்பைடர்மேன் ஆனபோது திரையில் கிடைத்த புத்துணர்வும் இந்த வகையே. 2025இல் மலையாளத்தில் 'லோகா' கள்ளியங்காட்டு நீலியை இன்றைய பெங்களூரின் நாயகியாக்கி, அந்த மொழியின் மிகப் பெரிய வசூல்களில் ஒன்றை எடுத்தது. நீலி நமக்கும் சொந்தக்காரிதான்; பழையனூர் நீலி கதை தொண்டை நாட்டுக் கதை. அவளைத் தமிழில் யாராவது எழுப்பத் துணிந்தால், தயவுசெய்து முதல் படத்திலேயே அவள் கதையை முழுதாகச் சொல்லி முடிக்கட்டும்.

'கைதி 2' வரும் என்று ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். டில்லியின் கதை எத்தனை படம், எந்தப் படத்தில் முடிகிறது என்பதை டிக்கெட் விற்குமுன் சொல்லிவிடுவதில் வியாபாரம் ஒன்றும் கெட்டுவிடாது. பாரதம் வைக்கும் ஊரில் கொடி ஏறுவதற்கு முன்பே நோட்டீஸ் அடித்து ஒட்டிவிடுகிறார்கள்: எந்த இரவு எந்தக் கூத்து, அர்ச்சுனன் தபசு எப்போது, படுகளம் எந்தக் காலை, தீமிதி எத்தனை மணிக்கு. ஒரகடத்திலும் சென்னையிலும் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எந்த நாளைக்கு லீவு சொல்வது என்று முடிவு செய்கிறார்கள்.